அஞ்சு கோழி போதும், கண்ணு

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகப் படித்துக்கொள்ளலாம்.

போன வாரம் திருப்பூரிலிருந்து என் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு தாளைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான். பெயர் வேண்டாம். பனியன் கம்பெனியில் பதினாறு வருடமாகச் செக்கிங் வேலை. வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்து நாட்டுக்கோழிப் பண்ணை போடப்போகிறானாம். தாளில் கணக்கு எழுதியிருந்தான். 300 கோழி. ஒரு கோழி மாதம் 10 முட்டை. முட்டை 15 ரூபாய். ஆக மாதம் 45,000 ரூபாய். தீவனத்துக்குப் பத்தாயிரம் போனாலும் கையில் 35,000 நிற்கும். முதல் போட மனைவியின் நகையை வைத்து இரண்டு லட்சம் கடன். கீழே, "டீச்சர், கணக்கு சரிங்களா? நீங்க சரின்னா நாளைக்கே பேங்குக்குப் போயிருவனுங்க" என்று எழுதியிருந்தான்.

அதைப் படித்ததும் எனக்கு நெஞ்சு படபடத்தது. ஏனென்றால் இதே கேள்விக்கு ஒருமுறை நான் தப்பாகப் பதில் சொல்லியிருக்கிறேன்.

2011ஆம் வருடம். என் தம்பி ஒரு நோட்டீசை எடுத்துக்கொண்டு வந்தான். அப்போது பெருந்துறைப் பக்கமிருந்து ஈமு கோழி என்ற பேச்சு கொங்குநாடு முழுக்கப் பரவியிருந்தது. ஒன்றரை லட்சம் கட்டினால் ஈமு குஞ்சுகள் தருவார்கள். கொட்டகையும் தீவனமும் அவர்கள் பொறுப்பு. வளர்ப்பதற்கு மாதம் ஆறாயிரம், வருடம் முடிந்தால் இருபதாயிரம் போனஸ், இரண்டு வருடம் கழித்துக் கட்டிய பணம் திரும்ப வரும். "அக்கா, நீங்க கணக்குப் பாத்துச் சொல்லுங்க" என்றான். பேனாவை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். 6,000ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 72,000. போனஸைக் கூட்டினால் 92,000. இரண்டு வருடத்தில் 1,84,000. முதலும் திரும்ப வரும். "கணக்கு சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

கணக்கு சரிதான். பெருக்கலிலும் கூட்டலிலும் பிழை இல்லை. ஆனால் அந்த மாதம் ஆறாயிரம் எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்கவில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அந்தப் பறவையின் கறியை நம் ஊரில் யார் வாங்கிச் சாப்பிடுகிறார்கள்? அதன் எண்ணெயை யார் வாங்குகிறார்கள்? நம் தெருவில் ஒருவரும் இல்லை. ஈமுவை வாங்கியது அடுத்து ஈமு வளர்க்க வந்த ஆள்தான். அவர் கட்டிய பணம்தான் முன்னால் கட்டியவருக்கு மாதப் பணமாக வந்தது. 2012 ஆகஸ்டில் எல்லாம் நின்றது. கொட்டகைகளில் பறவைகள் தீவனமில்லாமல் நின்றன. கடைசியில் கால்நடைத் துறை மூலம் அரசாங்கமே தீவனம் போட வேண்டி வந்தது. முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்குகள் கோவைச் சிறப்பு நீதிமன்றத்துக்குப் போயின. என் தம்பி போட்ட பணம் அவன் மகள் கல்யாணத்துக்குச் சேர்த்தது. அவன் ஒருநாளும் என்னைக் குற்றம் சொன்னதில்லை. அவன் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

அந்தச் சமயத்தில் ஈமுவைப் பார்த்து நாட்டுக்கோழியிலும் அதே மாதிரித் திட்டங்கள் கிளம்பி, அவையும் வழக்கில் போய் முடிந்தன. இப்போது நோட்டீசுக்குப் பதிலாக யூடியூப் வந்திருக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். நாட்டுக்கோழி ஈமு இல்லை. நாட்டுக்கோழியைச் சாப்பிட ஆள் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தால் கோழி அடிக்காத வீடு நம் பக்கம் உண்டா? சளி பிடித்தால் நாட்டுக்கோழி ரசம். குண்டடம் சந்தையில் விடியும் முன்பே சேவலும் கோழியும் கைமாறிவிடும். அதனால் என் மாணவன் ஆசைப்பட்டது தப்பே இல்லை. நான் சொல்ல வருவது ஒன்றுதான். முதல் வருடம் ஐந்து கோழிக்கு மேல் வேண்டாம், கடன் வாங்கி ஒன்றுகூட வேண்டாம்.

அவன் கணக்கையே மறுபடி போட்டுப் பார்ப்போம். நம் ஊர்ச் சிறுவிடைக் கோழி ஒரு பட்டத்துக்குப் பத்துப் பதினைந்து முட்டை இடும். பிறகு அடைக்கு உட்கார்ந்துவிடும். குஞ்சு பொரித்தால் அதைக் கூட்டிக்கொண்டு இரண்டு மாதம் திரியும். இப்படி வருடத்தில் மூன்று நாலு முறை. ஆக வருடத்துக்கு 50, 60 முட்டைதான். மாதம் 10 என்று வருடத்துக்கு 120 போட்டது முதல் பிழை. 300 கோழி, தலைக்கு 55 முட்டை என்றால் வருடத்துக்கு 16,500. மாதத்துக்கு 1,375 முட்டை. 15 ரூபாய் வீதம் சுமார் 20,600 ரூபாய்.

இப்போது தீவனம். வளர்ந்த கோழி ஒருநாளைக்கு ஏறத்தாழ நூறு கிராம் தின்னும். 300 கோழிக்கு நாளைக்கு 30 கிலோ, மாதத்துக்கு 900 கிலோ. கிலோ முப்பது ரூபாய் என்று வைத்தாலும் 27,000 ரூபாய். முட்டை விற்றுவரும் காசு தீவனத்துக்கே பற்றாது. வட்டி, கரண்ட், மருந்து எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை.

"அப்படின்னா எங்க அம்மிச்சி, ஆத்தா எல்லாம் எப்படி டீச்சர் வளத்தாங்க?" என்று கேட்பீர்கள். இந்தப் பதிவில் முக்கியமானது இந்தக் கேள்விதான்.

அவர்கள் தீவனம் வாங்கவில்லை. காலையில் கொடாப்பைத் திறந்துவிட்டால் கோழி களத்துமேட்டில் சிந்திய சோளம், கம்பு, மாட்டுச் சாணியில் இருக்கும் புழு, வேலியோரத்துப் பூச்சி, கழுவி ஊற்றிய சோற்றுப் பருக்கை எல்லாவற்றையும் பொறுக்கித் தின்னும். குஞ்சுகளுக்குக் கறையான். பழைய பானையில் காய்ந்த சாணியையும் ஓலைத் துண்டையும் போட்டு, லேசாகத் தண்ணீர் தெளித்து, ராத்திரி மண்ணில் கவிழ்த்து வைத்தால் காலையில் பானை நிறையக் கறையான் இருக்கும். குஞ்சுகள் அதற்கு அடித்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கியது ஒன்றுமில்லை. சாயங்காலம் ஒருபிடி குருணை, அதுவும் கோழி வீடு திரும்ப வேண்டும் என்பதற்காக. வீட்டுக்கோழியின் லாபமெல்லாம் இந்த ஓசித் தீனியில் இருந்தது. ஒரு வாசலும் ஒரு மாட்டுக்கொட்டகையும் ஐந்து கோழிக்குத் தீனி தரும், பத்துக் கோழிக்குத் தரும். முந்நூறுக்குத் தராது. எண்ணிக்கை கூடும்போது அது அம்மிச்சி வளர்த்த கோழி இல்லை, வேறு தொழில்.

அந்த வேறு தொழிலைக் குறைசொல்லவில்லை. பல்லடம், உடுமலை பக்கம் கறிக்கோழி வளர்ப்பவர்கள் என் மாணவர்களிலும் இருக்கிறார்கள். கம்பெனி குஞ்சும் தீவனமும் மருந்தும் தரும். கொட்டகையும் உழைப்பும் பண்ணைக்காரருடையது. நாற்பது நாளைத் தாண்டிக் கிலோக் கணக்கில் வளர்ப்புக் கூலி வரும். நாமக்கல்லில் ஒரு முட்டைக்கோழி வருடத்துக்கு 300 முட்டை போடும். அதற்கென்றே தேர்ந்தெடுத்து உருவாக்கிய இனம், அடைக்கே உட்காராது. அதற்குப் பின்னால் தீவன ஆலை, மருத்துவர், லாரி, தினசரி விலை நிர்ணயம் எல்லாம் இருக்கின்றன. அந்த ஏற்பாடு எதுவும் இல்லாமல், அதே எண்ணிக்கை ஆசையோடு இறங்குவதுதான் ஆபத்து. நாட்டுக்கோழியைக் கறிக்கென்று வளர்த்துப் பிழைப்பவர்களும் உண்டு. விசாரித்துப் பாருங்கள், பெரும்பாலும் பத்துக் கோழியில் ஆரம்பித்து, ஒரு வருடம் சாகக்கொடுத்துக் கற்றுக்கொண்டவர்களாக இருப்பார்கள்.

சாவைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். வீடியோவில் யாரும் அதைப் பேசுவதில்லை.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் அம்மாவிடம் ஏழெட்டுக் கோழி எப்போதும் இருக்கும். முட்டைக் காசு அம்மாவின் சிறுவாடு. அரிசிப் பானைக்குள் முடிச்சாகக் கிடக்கும். எனக்கு முதல் ஜாமெட்ரி பாக்ஸ் வந்தது அந்தக் காசில். அப்பாவிடம் கேட்க வேண்டியதில்லை. அதுதான் அந்தக் காசின் பெருமை.

ஆனால் ஏதாவது ஒரு வருடம் மாசி, பங்குனியில் சீக்கு வரும். முதல் நாள் ஒரு கோழி தலையைத் தொங்கப்போட்டு மூலையில் நிற்கும். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். கழுத்தைத் திருகிக்கொள்ளும். ஒரே வாரத்தில் தெரு முழுக்கக் கோழி காலி. கண்ணு பட்டுவிட்டது என்பார்கள். மிச்சமிருப்பதையாவது காசாக்குவோம் என்று சந்தைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அடுத்த ஊருக்குச் சீக்கு அப்படித்தான் போகும். அம்மா காலிக் கொடாப்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. அந்த வருடம் சிறுவாடு இல்லை.

அதுதான் வெள்ளைக் கழிச்சல். இங்கிலாந்தில் நியூகாசில் ஊரில் கண்டதால் அங்கே அந்தப் பெயர். இமயமலை அடிவாரத்து ராணிக்கேத்தில் கண்டதால் நம் நாட்டில் ராணிக்கேத் நோய். இரண்டும் 1920களில். இதற்கு வைரஸ் காரணம். வந்த பிறகு மருந்து கிடையாது. ஆனால் வராமல் தடுக்கத் தடுப்பு மருந்து உண்டு. அம்மாவுக்குக் கிடைக்காத அது நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

குஞ்சுக்கு ஏழாம் நாளையொட்டிக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. நாலாவது வாரம் இன்னொரு முறை. எட்டு வாரம் ஆனதும் இறக்கைக்கடியில் தோலில் ஊசி. அம்மைக்குத் தனித் தடுப்பூசி. உங்கள் பகுதிக் கால்நடை மருந்தகத்தில் கேட்டால் அட்டவணை சொல்வார்கள். இதில் ஐந்து கோழிக்காரருக்கு ஒரு சிக்கல் உண்டு. மருந்துக் குப்பி நூறு கோழி, இருநூறு கோழி அளவில்தான் வரும். ஐஸில் வைத்துக் கொண்டுவர வேண்டும். கரைத்துவிட்டால் ஓரிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மிச்சத்தை நாளைக்கு வைத்துக்கொள்ள முடியாது. அதனால் தெருவில் கோழி வைத்திருப்பவர்கள் சேர்ந்து ஒரே நாளில் போடுவதுதான் வழி. வருடாவருடம் பிப்ரவரியில் கால்நடைத் துறை இரண்டு வாரம் இலவச முகாம் நடத்துகிறது. நம் ஆட்கள் மாட்டுக்கு ஊசி என்றால் ஓட்டிக்கொண்டு போவார்கள். கோழிக்கு என்றால் "அதுக்கெதுக்கு" என்பார்கள். கோழியைக் கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போக வெட்கமாம்! நான் போகிறேன். இரண்டு வருடமாக எங்கள் தெருவே பின்னால் வருகிறது.

சின்ன வெங்காயம், சீரகம், மஞ்சள், கீழாநெல்லி கொடுப்பதை நான் தடுக்கவில்லை. நானும் கொடுக்கிறேன். ஆனால் அதைத் தடுப்பூசிக்குப் பதிலாக நினைக்காதீர்கள். கோழிகள் மொத்தமாகச் செத்தால் வாய்க்காலில் வீசாதீர்கள், கறியாக்கவும் வேண்டாம். சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைத்துவிட்டு மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். 2021 ஜனவரியில் ஆலப்புழை, கோட்டயத்தில் பறவைக் காய்ச்சல் வந்தபோது வாளையாறில் வண்டிகளை நிறுத்திச் சோதித்தது நினைவிருக்கும். நமக்கும் அதற்கும் நடுவில் ஒரு மலைக் கணவாய்தான் இருக்கிறது.

சரி, ஆரம்பிப்பது எப்படி?

முதலில் கூடு, பிறகுதான் கோழி. பலர் சந்தையில் அழகான கோழியைப் பார்த்து வாங்கி வந்துவிட்டு, ராத்திரி அட்டைப்பெட்டியைத் தேடுகிறார்கள். ஒரு கோழிக்கு ஒன்றரைச் சதுர அடி இருந்தால் ராத்திரி தங்கப் போதும். தரையிலிருந்து ஒரு இரண்டடி உயரம், காற்று போக வலை, சாரல் அடிக்காத கூரை, உட்கார ஒரு கட்டை. வலையின் கண் சிறியதாக இருக்கட்டும். பாம்பு, கீரி, பூனை மூன்றும் உங்கள் கூட்டைத் தினமும் பரிசோதிக்கும். ஒருநாள் தாழ்ப்பாள் போட மறந்தால் போதும்.

இரண்டாவது, கோழியைச் சந்தையில் வாங்காதீர்கள். விற்கச் சந்தை நல்ல இடம். ஆனால் பத்து ஊர்ச் சீக்கும் அங்கே ஒரே கூடையில் இருக்கும். தெரிந்த வீட்டில், தடுப்பூசி போட்டு வளர்த்த நாலைந்து மாத வெடைக்கோழியாகப் பார்த்து வாங்குங்கள். எங்கே வாங்கினாலும் இரண்டு வாரம் தனியாக அடைத்துப் பார்த்துவிட்டு மற்றதோடு விடுங்கள்.

மூன்றாவது, இனம். முதல் முறைக்கு நம் சிறுவிடையே போதும். தானே தேடித் தின்னும், தானே அடைகாக்கும், பருந்தைக் கண்டால் குஞ்சுகளுக்குக் குரல் கொடுக்கும். முட்டைதான் முக்கியம் என்றால் ஹைதராபாத் ஆராய்ச்சி நிலையத்தின் கிராமப்பிரியா, நம் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழி மாதிரி ரகங்கள் வருடத்துக்கு நூற்றுக்கு மேல் இடும். ஆனால் அடைக்கு உட்காரும் குணம் அவற்றுக்குக் குறைவு. கருங்கோழி, கிளிமூக்கு விசிறிவால், பந்தயச் சேவல் எல்லாம் அனுபவசாலிகளின் ஆசை. ஒரு சேவல் இத்தனை ஆயிரம் என்று கேட்டவுடன் ஈமுவை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த விலைக்கு அதை வாங்கித் தின்னப்போகிறவர் யார் என்று கேளுங்கள்.

நாலாவது, இதை எழுத எனக்கே சிரிப்பாக வருகிறது. பொறியியல் படித்த ஒரு மாணவி, "டீச்சர், சேவல் இல்லாம கோழி முட்டை போடுமா?" என்று கேட்டாள். போடும் கண்ணு. குஞ்சு வேண்டுமானால்தான் சேவல் வேண்டும். கோவையில் சைட் வீட்டில் இருந்துகொண்டு சாப்பிட முட்டை மட்டும் வேண்டும் என்பவர்கள் சேவல் வைக்காதீர்கள். விடிகாலை நாலு மணிக் கூவலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவதும் மிச்சம்.

ஐந்தாவது, அடை வைப்பது. ஒரு கோழிக்குப் பத்து முட்டை. ஒரு வாரத்துக்கு மேல் பழசான முட்டை வேண்டாம். மண் பரப்பிய கூடையில் வைக்கோல் போட்டு, இருட்டான மூலையில் வையுங்கள். எங்கள் அம்மா இடிக்குப் பயந்து ஒரு கரித்துண்டும் துருப்பிடித்த இரும்பும் கூடையில் போடும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனாலும் போடுகிறேன். ஏழெட்டு நாள் கழித்து ராத்திரியில் முட்டைக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி ரத்த நாளம் தெரிந்தால் கரு இருக்கிறது. வெளிச்சம் அப்படியே பளிச்சென்று ஊடுருவினால் எடுத்துவிடலாம். 21ஆம் நாள் குஞ்சு.

இந்த இடத்தில் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வாய்ப்பாடு தப்பாகச் சொன்ன உங்களில் பலரைக் "கூமுட்டை" என்று திட்டியிருக்கிறேன். கோழி வளர்த்த பிறகுதான் தெரிகிறது. முட்டை கூமுட்டையாவது முட்டையின் குற்றம் இல்லை. சேவல் சேராமல் இருந்திருக்கும், நாள்பட்ட முட்டையை வைத்திருப்போம், வெயிலில் போட்டிருப்போம், பாதியில் கோழியைக் கிளப்பியிருப்போம். எல்லாம் வைத்தவர் செய்த தப்பு.

இனி என் முதல் வருட நோட்டு. ஒளிக்காமல் எழுதுகிறேன்.

கூடு 6,500 ரூபாய். ஐந்து வெடைக்கோழியும் ஒரு சேவலும் 3,600. கம்பு, சோளம், குருணை மாதம் 500 வீதம் 6,000. மருந்து 300. மொத்தச் செலவு 16,400.

முட்டை 212. அதில் 50 அடைக்கு வைத்தேன். 37 பொரித்தது. அதில் 18 குஞ்சு செத்துப்போனது. ஆறு பருந்தும் காக்காயும் தூக்கியது. நாலு பூனை. ஐந்து ஐப்பசி மழையில் நனைந்து விறைத்தது, நான் அன்னூருக்கு ஒரு விசேஷத்துக்குப் போயிருந்த அன்று. மூன்று எதனால் என்றே தெரியவில்லை. மிச்சம் 19. அதில் 8 வெடை, 11 சேவல். ஏழு சேவலை விற்றதில் 4,200 ரூபாய். நாலு வீட்டுக்கே ஆனது. விற்காத 162 முட்டையையும் அந்த நாலு சேவலையும் காசாக மதித்தால் இன்னொரு 4,830. வரவு மொத்தம் 9,030. முதல் வருடம் எனக்கு 7,370 ரூபாய் நஷ்டம்.

இந்த 7,370 ரூபாயை நான் படிப்புச் செலவாக எடுத்துக்கொண்டேன். பென்ஷனில் தாங்கிக்கொண்டேன். இரண்டாம் வருடம் கூட்டுச் செலவு இல்லை. முதல் மூன்று வாரம் குஞ்சுகளை மூடிவைக்கக் கற்றுக்கொண்டேன். ஐந்து குஞ்சுதான் போனது. கையைக் கடிக்கவில்லை. இதே தப்புகளை 300 கோழியில் செய்திருந்தால்? பொரித்ததில் பாதி போனது எனக்கு 18 குஞ்சு. அவனுக்கு அது மனைவியின் தாலிக்கொடி.

"நஷ்டம்தானே, அப்புறம் எதுக்கு டீச்சர் வளக்கறீங்க?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பள்ளிக்கூட நினைவு. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். 1989இல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை தட்டுக்கு வந்தது. 2010இல்தான் வாரத்துக்கு ஐந்து ஆனது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றிருந்த காலத்தில், முட்டை போடும் நாளில் என் வகுப்பு வருகைப் பதிவேட்டில் ஆப்சென்ட் ஏறக்குறைய இருக்காது. பாதி முட்டையைத் தின்றுவிட்டு மீதியை டவுசர் பையில் வைத்து வீட்டில் இருக்கும் தங்கச்சிக்குக் கொண்டுபோன பையன்கள் உண்டு. அதில் ஒருவர் இதைப் படித்துக்கொண்டிருப்பார். அந்த முட்டைக்கு என்ன விலை போடுவீர்கள்? ஐந்து கோழி இருக்கிற வீட்டில் பேரப்பிள்ளைகளுக்கு வாரம் மூன்று நாலு முட்டை யாரையும் கேட்காமல் கிடைக்கும். கோழி எங்கே முட்டை இட்டிருக்கிறது என்று குழந்தை தேடிக்கொண்டு ஓடும், செல்போன் அந்த நேரம் திண்ணையில் கிடக்கும். வீட்டு மருமகளுக்கோ மகளுக்கோ கைச்செலவுக்குச் சிறுவாடு சேரும். வீட்டுக்கோழி இதற்குப் போதும். மாதச் சம்பளத்தின் சுமையை அதன் முதுகில் ஏற்றாதீர்கள்.

பண்ணைதான் போடுவேன் என்று உறுதியாக இருப்பவர்கள், கடனுக்கு முன்னால் சரவணம்பட்டியில் காளப்பட்டிப் பிரிவில் இருக்கும் கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். வீடியோவில் பேசுபவர் குஞ்சு விற்கிறார், அவருக்கு உங்கள் நகைக்கடன்தான் வருமானம். பயிற்சி மையத்தில் இருப்பவருக்கு உங்களிடம் விற்க ஒன்றுமில்லை.

என் மாணவனுக்கு இதையெல்லாம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "கம்பெனில நிக்க முடியலைங்க டீச்சர், கண்ணு எரியுதுங்க" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதினாறு வருடம் டியூப்லைட் வெளிச்சத்தில் துணியைப் பார்த்த கண். ஊருக்கு வர நினைப்பது நியாயம். ஆனால் எரிகிற கண்ணோடு கடனையும் சேர்த்துக்கொள்ளாதே என்றேன். வேலை இருக்கட்டும். ஊரில் அம்மா இருக்கிறார். ஐந்து கோழியை வாங்கி அம்மா கையில் கொடு. வாராவாரம் வந்து பார். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, செத்த குஞ்சையும் சேர்த்து எழுது. அடுத்த தை மாதம் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வா, இருவரும் உட்கார்ந்து கணக்குப் போடுவோம் என்றேன். "சரிங்க டீச்சர்" என்றான். நகை இன்னும் வீட்டில்தான் இருக்கிறது என்று நேற்று அவன் மனைவி எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தாள்.

கோழி வளர்த்துக் கைசுட்டவர்கள், பிழைத்தவர்கள் இருவரும் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். அவனும் படிப்பான். பருந்துக்கு யாரிடமாவது நல்ல யோசனை இருந்தால் எனக்கும் வேண்டும்.